கிரியாட்டினின் வந்த வழி

நம் ஊர்களில் ரத்தப் பரிசோதனைச் சீட்டைக் கையில் பிடித்தபடி வைத்தியரின் அறை வாசலில் காத்திருக்கும் முதியவர் எவரையேனும் விசாரித்தால், "உப்பு ஒன்று புள்ளி நாலு ஏறியிருக்கிறதாம்" என்று கவலையோடு சொல்வார். அவர் உப்பு என்பது கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருளை. நூறு மில்லி ரத்தத்தில் அது எத்தனை மில்லிகிராம் இருக்கிறது என்ற கணக்கைக் கொண்டே ஒருவருடைய சிறுநீரகம் உழைக்கிறதா ஓய்ந்துவிட்டதா என்று இன்று பெரும்பாலும் தீர்மானிக்கிறார்கள். ஆயினும் அந்த எண் சிறுநீரகத்தைப் பற்றி எவ்வளவு சொல்கிறதோ அவ்வளவு, அந்தச் சரீரத்தில் ஒட்டியிருக்கும் தசையைப் பற்றியும் சொல்கிறது. இவ்விரண்டையும் பிரித்தறிய மாட்டாத எண்ணைக் கொண்டு ஆணுக்கும் பெண்ணுக்கும், குழந்தைக்கும் கிழவருக்கும் ஒரே தீர்ப்பு வழங்கக்கூடாது. இப்பொருள் தசையைச் சார்ந்தது என்பதை, அதை முதன்முதலில் ஒழுங்காக அளந்த ரசாயன அறிஞரே 1905 ஆம் ஆண்டில் அறிந்திருந்தார். அவருக்குத் தெரிந்ததை வைத்தியம் ஒவ்வொரு மனிதக் கூட்டத்தாரிடமும் தனித்தனியே தவறு செய்து மறுபடி கற்றுக்கொள்ள ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு ஆயிற்று.

சிறுநீரகத்தைச் சோதிக்க ரத்தத்தைப் பார்க்கவேண்டும் என்ற எண்ணமே மிகவும் பிந்தியது. பழைய வைத்தியர்கள் எல்லா நாட்டிலும் நோயாளியின் நீரைத்தான் பார்த்தார்கள். ஐரோப்பிய வைத்தியர் கண்ணாடிக் குடுவையில் அதை ஏந்தி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். நம் சித்தர் மரபில் தேரையர் பெயரால் வழங்கும் நீர்க்குறி நெய்க்குறி முறையில், நிறமும் மணமும் நுரையும் நோக்கியபின் அதன்மீது நல்லெண்ணெய் ஒரு துளி விட்டு, அத்துளி நெளிந்தோடுகிறதா, வளையமாக விரிகிறதா, திரண்டு நிற்கிறதா என்று கவனித்தார்கள். வெளியேறிய பொருளைக் கொண்டு உள்ளே நடப்பதை ஊகிக்கும் முறை அது. வெளியேறாமல் உள்ளே தங்கிவிட்ட பொருளைத் தேடவேண்டும் என்று தோன்றுவதற்கு ரசாயன சாஸ்திரம் வளர்ந்தாகவேண்டியிருந்தது.

1821 ஆம் ஆண்டில் ஜெனீவா நகரத்தில் பிரெவோ, டூமா என்ற இருவர், பிராணிகளின் இரு சிறுநீரகங்களையும் அறுத்து அகற்றிவிட்டு, சில நாட்கள் கழித்து அவற்றின் ரத்தத்தைப் பரிசோதித்தபோது, அதுவரை சிறுநீரில் மட்டுமே அறியப்பட்டிருந்த யூரியா ரத்தத்தில் குவிந்திருக்கக் கண்டார்கள். சிறுநீரகம் யூரியாவை உற்பத்தி செய்வதில்லை, வேறெங்கோ உண்டாகி ரத்தத்தில் வருவதை வெளியேற்றுவது மட்டுமே அதன் வேலை என்பது அன்று நிரூபணமாயிற்று. ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு, லண்டன் கைஸ் மருத்துவமனையின் வைத்தியர் ரிச்சர்ட் பிரைட், உடம்பெல்லாம் நீர் கோத்து வீங்கிக் கிடந்த நோயாளிகளின் சிறுநீரை ஒரு கரண்டியில் எடுத்து மெழுகுவர்த்திச் சுடரில் காட்ட, முட்டையின் வெண்கருவைப் போன்ற பொருள் அதில் திரண்டது. அவர்கள் இறந்தபின் உடலைத் திறந்து பார்த்தபோது சிறுநீரகங்கள் பழுதுபட்டிருந்தன. பிரைட்டின் நண்பர் ஜான் பாஸ்டாக் அந்நோயாளிகளின் சிறுநீரையும் ரத்தத்தையும் ரசாயன முறையில் ஆராய, எடின்பரோவில் ராபர்ட் கிறிஸ்டிசன் 1829 ஆம் ஆண்டில் அவ்வாறான ரத்தத்தில் யூரியா இருப்பதைக் காட்டினார். 1842 இல் கைஸ் மருத்துவமனை இந்நோயாளிகளுக்கென்றே இரண்டு வார்டுகளை, மொத்தம் 42 படுக்கைகளோடும் அருகிலேயே ஒரு பரிசோதனைச் சாலையோடும், ஆறு மாத காலத்துக்கு ஒதுக்கிக் கொடுத்தது. படுக்கைக்கும் பரிசோதனைச் சாலைக்கும் இடையே தூரம் குறையவேண்டும் என்று அன்றே ஒருவர் நினைத்திருக்கிறார் என்பதற்காகவேனும் இந்தச் செய்தி நினைவில் வைக்கத்தக்கது.

யூரியாவை அளப்பது நெடுங்காலம் பெருந்தொல்லையாக இருந்தது. கிண்ணம் கிண்ணமாக ரத்தம் வேண்டும். 1913 இல் மார்ஷல் என்பவர் சோயா மொச்சையிலுள்ள யூரியேஸ் என்ற நொதியைக் கொண்டு யூரியாவைச் சிதைத்து, வெளிவரும் அம்மோனியாவை அளந்துவிடலாம் என்று காட்டியபிறகே இந்த வேலை எளிதாயிற்று. சோயாவைவிட நம் வாளவரையின் இனத்தைச் சேர்ந்த அவரையில் அந்த நொதி அதிகம் என்று பின்னர் தெரிந்தது. அந்த விதையிலிருந்துதான், இளமையில் ஒரு கையை இழந்தவரான ஜேம்ஸ் சம்னர், 1926 ஆம் ஆண்டில் உலகத்திலேயே முதன்முதலாக ஒரு நொதியைப் படிகமாக்கி எடுத்து, இருபது வருஷம் கழித்து நோபல் பரிசும் பெற்றார். ஆனால் அளப்பது சுலபமானதும் யூரியாவின் சஞ்சல குணமும் வெளிப்பட்டது. மாமிசமும் பருப்பும் நிறைய உண்டவனுக்கு அது ஏறும். பட்டினி கிடந்தவனுக்கும் ஈரல் கெட்டவனுக்கும் இறங்கும். வெயிலில் உழைத்துத் தண்ணீர் குடியாதவனுக்கு ஏறும். குடலில் ரத்தம் கசிந்தாலோ, அந்த ரத்தமே ஆகாரம்போல் ஜீரணமாகி யூரியாவாகும். ஆகவே நிலையான ஒரு சாட்சி தேவைப்பட்டது.

அந்தச் சாட்சியின் மூலப்பொருள் மாமிச ரசத்திலிருந்து கிடைத்தது. பிரெஞ்சு ரசாயன அறிஞர் செவ்ரல் 1832 இல் இறைச்சிச் சாற்றிலிருந்து கிரியாட்டின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார். ஜெர்மனியின் லீபிக் 1847 இல் அதை அமிலத்தோடு சேர்த்துக் காய்ச்சிக் கிரியாட்டினினைப் பெற்று அதற்குப் பெயரும் இட்டார். வேட்டையில் துரத்திக் கொல்லப்பட்ட நரியின் தசையில், கூண்டில் வளர்ந்த நரியின் தசையிலிருப்பதைவிடப் பத்து மடங்கு கிரியாட்டின் இருந்ததென்றும் அவர் எழுதிவைத்தார். உழைக்கும் தசைக்கும் இப்பொருளுக்கும் உறவு உண்டு என்ற முதற்குறிப்பு அதுவாகும். 1886 இல் கோனிக்ஸ்பர்க் நகரத்து மாக்ஸ் ஜாஃபே, காரம் கலந்த பிக்ரிக் அமிலத்தோடு கிரியாட்டினின் சேர்ந்தால் மஞ்சள் நிறம் மாறிச் செம்மஞ்சளாகிறது என்று கண்டார். வண்ணத்தைக் கண்டாரேயன்றி அதைக்கொண்டு அளக்க அவர் முற்படவில்லை. பிக்ரிக் அமிலம் பின்னர் பீரங்கிக் குண்டுகளில் வெடிமருந்தாகச் சேர்ந்து பல்லாயிரவரைக் கொன்றதும், அதே பொருள் ஆஸ்பத்திரிகளில் ஈரம் உலராமல் பத்திரமாக வைக்கப்பட்டு நோயாளிகளின் ரத்தத்தை அளந்துகொண்டிருந்ததும் ஒரே காலத்தில் நடந்தன.

ஸ்வீடனில் பிறந்து, சிறுவனாகவே அமெரிக்காவுக்குக் குடியேறிய ஆட்டோ ஃபோலின், மாசசூசெட்ஸிலுள்ள மக்லீன் மருத்துவமனை என்னும் மனநோய் விடுதியில் ரசாயன ஆராய்ச்சியாளராக அமர்ந்திருந்தபோது, ஜாஃபேயின் வண்ணத்தை 1904 இல் அளவுகோலாக்கினார். அவர் செய்த பரீட்சையை இங்கே சற்று நின்று பார்ப்பது நல்லது. ஒரு நாளைய சிறுநீரில் பத்து மில்லியைக் குடுவையில் விட்டு, பிக்ரிக் அமிலக் கரைசல் 15 மில்லியும் பத்துச் சதவீதச் சோடாக்காரம் 5 மில்லியும் சேர்த்து ஐந்து நிமிஷம் வைத்திருந்தபின், தண்ணீர் ஊற்றி ஐந்நூறு மில்லிவரை நிரப்புவார்கள். டியூபோஸ்க் வண்ணமானி என்ற கருவியில் அருகருகே இரண்டு கண்ணாடிக் கிண்ணங்கள் உண்டு. ஒன்றில் பொட்டாசியம் பைக்ரோமேட் கரைசல் எட்டு மில்லிமீட்டர் ஆழத்துக்கு நிற்கும். மற்றதில் பரீட்சைத் திரவம். மேலே கண்வைத்துப் பார்த்தால் ஒரு வட்டம் இரு பாதியாகத் தெரியும். திருகைத் திருகித் திருகி இரு பாதியும் ஒரே நிறமாகித் தம்முள் எல்லைக்கோடு மறையும் இடத்தில் நிறுத்தி ஆழத்தைப் படிக்கவேண்டும். 8.1 மில்லிமீட்டர் என்று வந்தால் பத்து மில்லிகிராம் கிரியாட்டினின். கண்ணும் கையும் பழகிய ஓர் உதவியாளன் போதும். ஏராளமான திரவமோ எரிவிளக்கோ நாட்கணக்கான காத்திருப்போ வேண்டியதில்லை. அந்தச் சுலபத்தால்தான் இம்முறை உலகமெங்கும் பரவியது.

அடுத்த வருஷம் ஃபோலின் சிலருக்குப் புலால் நிறைந்த ஆகாரமும், பின்பு மாவுச்சத்தும் பாலேடும் மட்டும் கொண்ட ஆகாரமும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார். யூரியா விழுந்து எழுந்தது. கிரியாட்டினின் மட்டும் ஒரே மனிதனிடம் நாள்தோறும் ஏறத்தாழ அசையாது நின்றது. ஆனால் ஆளுக்கு ஆள் அது வேறுபட்டது. பருத்தவரிடம் எடைக்குத் தகுந்தபடி வராமல் குறைந்து வந்தது, மெலிந்து இறுகிய உடம்பினரிடம் கூடி வந்தது. கொழுப்பு இதை உண்டாக்குவதில்லை, உயிருள்ள தசையே உண்டாக்குகிறது என்பது இதனால் வெளிப்பட்டது. பின்னாளில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஃபோலின் தலைமை வகித்த அதே துறைக்கு, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று கப்பலேறிய எல்லாப்பிரகட சுப்பாராவ் வந்து சேர்ந்தார். சைரஸ் ஃபிஸ்க் என்பவரோடு அவர் 1925 இல் வகுத்த பாஸ்பரஸ் அளவை முறை இன்றும் அவர்கள் பெயராலேயே வழங்குகிறது. அந்த முறையைக் கையாண்டபோது தசைச் சாற்றில் தோன்றிய ஒரு விசித்திரத்தைத் தொடர்ந்து சென்று, 1927 இல் இருவரும் பாஸ்போகிரியாட்டினைக் கண்டறிந்தார்கள். தசையானது உடனடி உழைப்புக்கான சக்தியைச் சேமித்துவைக்கும் இப்பொருளிலிருந்தும் கிரியாட்டினிலிருந்தும் நாள்தோறும் ஒரு சிறுபங்கு தானாகவே கிரியாட்டினினாக மாறி ரத்தத்தில் இறங்குகிறது. லீபிக்கின் நரிக்கு இவ்விதம் விளக்கம் கிடைத்தது. அதைக் கண்டவருள் ஒருவர் நம் சென்னையில் படித்தவர் என்பதை நம் பாடப்புத்தகங்கள் இன்னும் உரக்கச் சொல்லலாம்.

ரத்தத்தில் கிரியாட்டினினை அளக்கும் முறையை ஃபோலின் 1914 இல் வெளியிட்டார். மறுவருஷமே நியூயார்க்கில் மையர்ஸ், லஃப் இருவரும் நோயாளிகளின் ரத்தத்தை ஆராய்ந்து, அது ஐந்து மில்லிகிராமைத் தாண்டியவர்கள் அநேகமாக விரைவில் மாண்டார்கள் என்று எழுதினார்கள். செயற்கைச் சிறுநீரகம் இல்லாத காலம். ஹாலந்தில் கோல்ஃப் தம் உருளை யந்திரத்தில் முதல் நோயாளியைப் பிணைத்தது 1943 இல். அதுவரை இந்த எண் வைத்தியத்துக்கு வழிகாட்டியாக இல்லாமல் மரண ஓலையாகவே இருந்தது. மரணத்தை அறிவிக்க மட்டும் பயன்பட்ட எண்ணில் ஆணுக்கு இவ்வளவு, பெண்ணுக்கு இவ்வளவு என்று யாரும் நுட்பம் பார்க்கவில்லை என்பதில் வியப்பில்லை.

இதற்கிடையே சிறுநீரகம் நிமிஷத்துக்கு எவ்வளவு ரத்தநீரை வடிக்கிறது என்ற அடிப்படைக் கேள்வி எழுந்தது. கோபன்ஹேகனில் ரேபர்க் 1926 இல் தாமே கிரியாட்டினினைக் கரைத்துக் குடித்துத் தம் ரத்தத்தையும் நீரையும் அளந்தார். நியூயார்க்கில் வான் ஸ்லைக் குழுவினர் 1928-29 இல் யூரியாவைக்கொண்டு சுத்திகரிப்பு வீதம் என்ற கருத்தை நிலைநாட்டினார்கள். 1930-களின் நடுவில் ஹோமர் ஸ்மித் குழுவினரும் ரிச்சர்ட்ஸ் குழுவினரும், டேலியாக் கிழங்கிலும் சிக்கரி வேரிலும் கிடைக்கும் இனுலின் என்ற மாவுப்பொருளே குற்றமற்ற அளவுகோல் என்று காட்டினார்கள். சிறுநீரகம் அதை வடிக்குமேயன்றித் திரும்ப உறிஞ்சவும் செய்யாது, தானாகச் சுரந்து சேர்க்கவும் செய்யாது. ஆரோக்கியமான இளைஞனிடம் அந்த வீதம் நிமிஷத்துக்குச் சுமார் 120 மில்லி, நாளொன்றுக்கு 170 லிட்டருக்கும் மேல். ஆனால் இனுலினை நரம்பில் மணிக்கணக்காக ஏற்றி, குறித்த வேளைகளில் நீரைச் சேகரித்து அளக்கும் பரீட்சை ஆராய்ச்சிக்கூடத்துக்கே உரியது. ஜில்லா ஆஸ்பத்திரியின் புறநோயாளிக் கூட்டத்தில் அதற்கு இடமில்லை. ஒரு குத்து, ஒரு குப்பி, ஒரு எண் என்ற சௌகரியத்தால் கிரியாட்டினினே அரசாள வந்தது.

அதன் பெரிய வஞ்சகம் ஏறுமுகத்தின் வளைவில் இருக்கிறது. ஏரிக்கு ஒரே சீராக நீர் வந்துகொண்டிருக்க, மதகுகளில் பாதி அடைபட்டால், திறந்திருக்கும் மதகுகள் வழியே வரத்துக்குச் சமமான நீர் வெளியேறும் வரை மட்டம் உயர்ந்து பின்னர் நின்றுவிடும். அதுபோல் சிறுநீரகத்தின் வேலை பாதியாகக் குறைந்தால் கிரியாட்டினின் ஏறத்தாழ இரட்டித்து நிற்கும். 0.6 இருந்தவருக்கு 1.2 ஆகும், 1.2 வரை சாதாரணம் என்று சீட்டின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும். சிறுநீரகத்தில் பாதியை இழந்தவர் மகிழ்ச்சியோடு வீட்டுக்குப் போவார். போதாததற்கு, சிறுநீரகம் கிரியாட்டினினை வடிப்பதோடு நில்லாமல் சிறிது சுரந்தும் வெளியேற்றுகிறது. நோய் முற்ற முற்ற அந்தச் சுரப்பு பெருகி உண்மையை மறைக்கிறது.

1976 இல் மான்ட்ரியல் நகரத்தில், முன்னாள் படைவீரர்களின் மருத்துவமனையொன்றில், காக்ராஃப்ட், கால்ட் என்ற இரு வைத்தியர்கள் வயதையும் எடையையும் கணக்கில் சேர்த்து ஒரு சூத்திரம் வகுத்தார்கள்: 140-இலிருந்து வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, 72 மடங்கு கிரியாட்டினினால் வகுப்பது. எண் எப்படிப் பொய் சொல்கிறது என்பதை இதில் போட்டுப் பார்த்தால் தெளியும். 30 வயது, 70 கிலோ எடையுள்ள ஆணுக்குக் கிரியாட்டினின் 1.2 என்றால் விடை சுமார் 89. 75 வயது, 45 கிலோ எடையுள்ள மூதாட்டிக்கு அதே 1.2 என்றால், பெண்களுக்கென நூற்றுக்குப் பதினைந்து குறைத்தபின் விடை 29. ஒருவருக்குச் சாதாரணம், மற்றவருக்கு முற்றிய நோய்! ஆனால் இச்சூத்திரத்துக்கு ஆதாரமான 249 பேரில் மிகப் பெரும்பாலோர் ஆண்கள். பெண்களுக்கு நூற்றுக்குப் பதினைந்து குறைத்துக்கொள்க என்ற விதி, போதிய பெண்களை அளந்து கண்டதன்று, தசை குறைவாயிருக்கும் என்ற அனுமானத்தால் சேர்த்தது. அதே ஆண்டில் குழந்தைகளுக்காக ஷ்வார்ட்ஸ் உயரத்தை அடிப்படையாகக் கொண்ட வேறொரு சூத்திரம் செய்தார். பிறந்த சிசுவுக்கோ எந்தச் சூத்திரமும் உதவாது. முதல் சில நாட்கள் அதன் ரத்தத்தில் ஓடுவது தாயினுடைய கிரியாட்டினின். அந்தத் தாயின் கணக்கும் தனி: கர்ப்பகாலத்தில் வடிகட்டும் வீதம் ஏறக்குறைய ஒன்றரை மடங்காக உயர்வதால் அவளுடைய கிரியாட்டினின் 0.4 முதல் 0.8 வரை இறங்கியிருக்கவேண்டும். மற்றவர்களுக்குச் சாதாரணமான 1.0 கர்ப்பிணிக்கு அபாய மணி. இதை அறியாத பரிசோதனைச் சாலைகள் இன்றும் அவளுடைய சீட்டில் எல்லோருக்கும் உரிய எல்லையையே அச்சிடுகின்றன.

அமெரிக்காவில் 1999 இல் 1,628 நோயாளிகளின் விவரங்களைக் கொண்டு ஆண்ட்ரூ லீவி குழுவினர் எழுதிய சூத்திரம் நெடுங்காலம் கோலோச்சியது. பரவலாக வழங்கிய அதன் சுருக்க வடிவத்தில் கறுப்பு இனத்தவரானால் விடையை 1.21-ஆல் பெருக்குக என்றொரு விதி இருந்தது. கறுப்பரின் தசை அதிகம் என்று பொதுப்படக் கொண்ட எண்ணமே அதற்குச் சொன்ன சமாதானம். இதன் விளைவு ஏட்டோடு நிற்கவில்லை. அந்நாட்டில் சிறுநீரக மாற்றுச் சிகிச்சைக்கான வரிசையில் காலம் எண்ணத் தொடங்குவது வடிகட்டும் வீதம் இருபதுக்கு இறங்கியபிறகு. வெள்ளையருக்கு 20 என்று வரும் அதே ரத்தம் கறுப்பருக்கு 24 என்று கணக்காகும். அவர் வரிசைக்கு வெளியே நிற்பார். 2021 இல் இன விதியை நீக்கிப் புதிய சூத்திரம் வந்தது. 2023 தொடக்கத்திலிருந்து, இவ்வாறு பின்தள்ளப்பட்ட கறுப்பு நோயாளிகளுக்கு அவர்கள் இழந்த காத்திருப்புக் காலத்தைத் திருப்பித் தருமாறு அந்நாட்டு ஆஸ்பத்திரிகள் பணிக்கப்பட்டன. ஒரு பெருக்கல் எண்ணுக்காக மனிதர்களுக்கு வருஷங்களைத் திருப்பிக் கொடுக்க நேர்ந்தது வைத்திய வரலாற்றில் அபூர்வமான நிகழ்ச்சி. திருப்பிக் கொடுக்குமுன் இறந்தவர்களுக்கு அது பயன்படவில்லை.

தசையைச் சாராத சாட்சி ஒன்று இருக்கிறது. 1961 இல் மூளைத் தண்டுவட நீரில் கிளாசன் கண்ட ஒரு சிறு புரதம், ஸ்வீடனின் லுண்ட் நகரத்தில் ஆண்டர்ஸ் கிரப் குழுவினரால் ஆராயப்பட்டு, 1985 இல் சிறுநீரகத்தின் குறிகாட்டியாக முன்வைக்கப்பட்டது. இன்று சிஸ்டாட்டின் சி என்று வழங்குகிறது. கருவுள்ள அணுக்கள் எல்லாமே இதைச் சுரக்கின்றன. ஆகையால் கால் இழந்தவருக்கும், படுத்த படுக்கையாகி உடல் மெலிந்தவருக்கும், ஈரல் சுருங்கியவருக்கும், உடற்பயிற்சியால் தோள் புடைத்த வாலிபருக்கும் இது கிரியாட்டினினைவிட நேர்மையாகப் பேசும். தைராய்டு நோயும் ஸ்டீராய்டு மருந்தும் புகைப்பழக்கமும் பருமனும் இதையும் கலைக்கும் என்பதால் இரண்டையும் சேர்த்துக் கணக்கிடுவதே நலம் என்று நிபுணர்கள் முடிவுக்கு வந்திருக்கிறார்கள். ஆனால் விலை அதிகம். நம் சிறு நகரங்களில் இதன் பெயரைக் கேட்டவர்களே குறைவு.

நமக்கு இதில் நேரான அக்கறை உண்டு. மேல்நாட்டார் மேனியை அளந்து செய்த சூத்திரம், தசை குன்றிய, புலால் குறைவாக உண்ணும் தெற்காசியச் சரீரத்தில் சிறுநீரகத்தை உள்ளதைவிட நல்லதாகக் காட்டும் என்ற ஐயம் பழையது. கராச்சியில் வீதத்தை நேரே அளந்து பார்த்து, 2014 இல் அதற்கென ஒரு திருத்தச் சூத்திரத்தையே வெளியிட்டார்கள். ஜப்பானியர் 2009-லேயே தமக்கென ஒன்று செய்துகொண்டார்கள். பரிசோதனைச் சாலைகளிலும் ஜாஃபேயின் வண்ணம் மலிவு என்ற ஒரே காரணத்தால் இன்னும் விடைபெறவில்லை. ரத்தச் சர்க்கரை முற்றிக் கீட்டோன் சேர்ந்த நோயாளியிடம் அது கிரியாட்டினினை மிகைப்படுத்தும். மஞ்சட்காமாலை நோயாளியிடம் குறைத்துக் காட்டும். கிரியாட்டினினை நொதிகொண்டு அளக்கும் முறையில் இந்தக் குழப்பம் பெரிதும் இல்லை. எனவே பரிசோதனைச் சாலை நடத்துவோருக்கு ஒரு வேண்டுகோள்: கிரியாட்டினின் எண்ணுக்குப் பக்கத்தில் அது ஜாஃபே முறையா நொதி முறையா என்பதையும், வயதும் பாலும் கொண்டு கணக்கிட்ட வடிகட்டும் வீதத்தையும், எந்தச் சூத்திரம் என்பதையும் சேர்த்து அச்சிடுங்கள். சீட்டை வாங்குவோரும், அம்மூன்றும் அதில் இல்லையென்றால் கூச்சப்படாமல் கேளுங்கள்.